256 கிலோபிட் குரல் 12.65-க்குள் எப்படி அடங்குகிறது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மாவிடம் பேசும்போது சில நாள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக இருக்கிறது. சில நாள் பழைய லேண்ட்லைன் மாதிரி மூக்கடைத்துக் கேட்கிறது. காரணம் தேடியபோது, அகன்ற அலைவரிசைக் குரலுக்கு நொடிக்கு 256 கிலோபிட் ஆகும் என்றும், போன் அனுப்புவது 12.65 கிலோபிட்தான் என்றும் படித்திருக்கிறீர்கள். இருபதில் பத்தொன்பது பங்கை எறிந்த பிறகும் அம்மா குரல் அம்மா குரலாகவே இருக்கிறதே, எறிந்தது எது, அப்படி எறிவதால்தான் சில நாள் குரல் கெடுகிறதா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இவை இரண்டு கேள்விகள். இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் ‘இல்லை’. அது ஏன் என்று புரிய முதல் கேள்விக்குள் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். நான் இப்போது புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல் பிராசஸிங் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் பல வருடம் இதே கோடெக்குகளை, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் நிரல்களை, சிக்னல் கணக்குகளுக்கென்றே உள்ள டிஎஸ்பி சிப்பில் ஓடவைக்கும் வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 256 எங்கிருந்து வருகிறது? ஒலியை எண்ணாக மாற்ற, சீரான இடைவெளியில் அதன் அளவை எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். எந்த அதிர்வெண் வரை வேண்டுமோ அதன் இரு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கடத்தியது. அதற்கு நொடிக்கு 8000 சாம்பிள் போதும், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக 64 கிலோபிட். 1972-ல் ஜி.711 என்ற பெயரில் தரநிலையானது இதுதான். நம் நாட்டில் அதன் ஏ-லா வகை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு 0413, 04142 போட்டுப் பேசிய அழைப்புகள் எல்லாம் இப்படித்தான் போயின. அகன்ற அலைவரிசை என்றால் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ். நொடிக்கு 16,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட். பெருக்கினால் 256 கிலோபிட்.

அந்தக் கூடுதல் அகலத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழ்க் காதை வைத்தே சொல்லலாம். வாய்க்குழி தன் வடிவத்துக்கு ஏற்பச் சில அதிர்வெண்களை மட்டும் ஓங்க வைக்கும், அவைதான் ஒத்ததிர்வுகள். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒத்ததிர்வுகள் எல்லாம் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். நாக்கை வளைத்து ழ சொல்லும்போது மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. அந்த இறக்கம் பழைய தொலைபேசியிலும் தப்பிப் பிழைக்கும். அதனால்தான் லேண்ட்லைனிலும் ‘பழம்’ பழமாகவே கேட்டது. ஆனால் ‘ஸ்’ என்ற சீறலின் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் அது வெட்டுப்பட்டுப் போய், ‘ஸ்’ஸும் ‘ஃப்’பும் ஒரே மாதிரி மெல்லிய இரைச்சலாகிவிடும். போனில் பான் எண்ணைச் சொல்லும்போது ‘எஸ்’ என்றால் ‘எஃப்’ என்று எழுதிக்கொள்வார்கள் அல்லவா, அதற்குக் காரணம் கேட்பவரின் கவனக்குறைவு இல்லை. வேறுபாட்டைச் சொல்லும் பகுதி கம்பிக்குள் நுழையவே இல்லை. கீழ்ப்பக்கமும் இழப்பு உண்டு. ஆண்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியிருக்கும், பெண்குரலுக்கு 200-ஐ ஒட்டி. இரண்டுமே 300-க்குக் கீழே. காது மேலே உள்ள மடங்குகளிலிருந்து சுருதியை ஊகித்துக்கொள்ளும், ஆனால் குரலின் கனமும் ம், ன், ண் ஒலிகளின் நிறைவும் போய்விடும். நீங்கள் ‘மூக்கடைத்து’ என்று எழுதியது மிகச் சரியான வர்ணனை.

இந்த அகலத்தைச் சுருக்கும் முதல் பெரிய தரநிலை 1988-ல் வந்த ஜி.722. ஒலியை 4000 ஹெர்ட்ஸில் வெட்டி இரண்டு பட்டைகளாக்கி, ஒவ்வொரு பட்டையிலும் அடுத்த சாம்பிள் என்னவாக இருக்கும் என்று கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. கீழ்ப் பட்டைக்கு 48 கிலோபிட், மேல் பட்டைக்கு 16, சேர்த்து 64. அதே பழைய 64 கிலோபிட் குழாயில் இரு மடங்கு அகலமான குரல். நல்ல வேலைதான், இன்றைக்கும் அலுவலக ஐபி போன்களில் ஓடுகிறது. ஆனால் அது நான்கில் ஒரு பங்காகத்தான் சுருக்குகிறது. வருவது குரலா, மோட்டார் சத்தமா என்று அதற்குக் கவலை இல்லை. இருபதில் ஒரு பங்குக்குப் போக வேண்டுமென்றால் ஒரு துணிச்சலான அனுமானம் வேண்டும். எதிரே வருவது மனிதத் தொண்டையிலிருந்து வரும் ஒலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். ஒரே சுருதியில் மூச்சு விடாமல் ஆ, ஈ, ஊ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தொண்டையில் குரல்நாண்கள் ஒரே மாதிரிதான் அதிர்கின்றன, மாறுவது வாயின் வடிவம் மட்டும். அப்புறம் அதே ஆ, ஈ, ஊவைக் கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிட்டது, வெறும் காற்றிரைச்சல்தான், ஆனாலும் எது ஆ, எது ஈ என்று தெரிகிறது. ஆக ஒலியைத் தூண்டும் மூலம் வேறு, அதற்கு உருக்கொடுக்கும் வாய்க்குழி வேறு. இரண்டையும் தனித்தனியாக விவரிக்க முடியும். வாய் மெதுவாகத்தான் அசையும், நாக்குக்கும் உதட்டுக்கும் எடை இருக்கிறது. நொடிக்கு 16,000 தடவை அவை இடம் மாறுவதில்லை. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை வாயின் வடிவத்தைச் சொன்னால் கிட்டத்தட்டப் போதும். இன்றைய போன் கோடெக்குகளின் அடிப்படை இந்த உண்மைதான். நாம் 256 கிலோபிட்டில் எழுதிவைத்தது காற்றின் அசைவை. அந்த அசைவை உண்டாக்கிய தொண்டையையும் வாயையும் விவரிக்க அவ்வளவு பிட் தேவையே இல்லை.

வாயின் வடிவத்தை எண்ணாக்கும் கணக்குக்கு நேரியல் முன்கணிப்பு என்று பெயர். ஒவ்வொரு சாம்பிளையும் அதற்கு முந்தைய சில சாம்பிள்களை வெவ்வேறு எடையில் கூட்டி ஊகிக்கிறோம். அந்த எடைகளே வாய்க்குழியின் ஒத்ததிர்வுகளைக் காட்டிவிடுகின்றன. 1960-களில் ஜப்பானில் இதகுராவும் சைட்டோவும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் தனித்தனியாக இதை வளர்த்தார்கள். அடல் கான்பூரில் பிறந்தவர், லக்னோவிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, 1961-ல் பெல் ஆய்வகத்துக்குப் போனவர். இன்று உலகத்தில் யார் செல்போனில் பேசினாலும் அவர் வகுத்த கணக்கு ஏதோ ஒரு வடிவில் அதில் ஓடுகிறது. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயருக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, நீங்கள் சொன்ன 12.65-க்கு வருவோம். அது ஏஎம்ஆர்-டபிள்யூபி என்ற கோடெக்கின் ஒரு வேகம். 2001-ல் செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு ஏற்றது, 2002-ல் ஜி.722.2 என்று இன்னொரு பெயரும் வந்தது. மொத்தம் ஒன்பது வேகங்கள், 6.60-ல் தொடங்கி 23.85 கிலோபிட் வரை. ‘ஹெச்டி வாய்ஸ்’ என்று விளம்பரங்களில் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். ஒலியை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக, அதாவது ஃபிரேம்களாக வெட்டுகிறது. ஒரு ஃபிரேமுக்கு 320 சாம்பிள், 5120 பிட். 12.65 வேகத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் வெறும் 253 பிட். அந்த 253 எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தால் முழு வித்தையும் விளங்கிவிடும், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

வாயின் வடிவத்துக்கு, அதாவது பதினாறு முன்கணிப்பு எண்களுக்கு, 46 பிட். ஓர் எண்ணுக்கு மூன்று பிட் கூட இல்லை. நிறையக் குரல்களைக் கொண்டு முன்கூட்டியே பயிற்றுவித்த அட்டவணைகள் இரு முனையிலும் இருப்பதால், எண்களை அனுப்பாமல் அட்டவணையில் எந்த வரிசை என்று மட்டும் சொன்னால் போதும். அடுத்து, குரல்நாண் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அதிர்கிறது என்பதற்கு 30 பிட். கோடெக் உள்ளே 12,800 சாம்பிளுக்கு இறக்கி வேலை செய்கிறது. 200 ஹெர்ட்ஸ் பெண்குரல் என்றால் 64 சாம்பிளுக்கு ஒருமுறை அலை தன்னையே திரும்பச் சொல்லும். ‘64 சாம்பிள் பின்னால் போய் அங்கே இருந்ததை எடுத்துக்கொள்’ என்று சொன்னால் ஒலியின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இந்த இடைவெளி 34 முதல் 231 சாம்பிள் வரை இருக்கலாம், ஏறக்குறைய 376 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை. கீச்சென்று கத்தும் குழந்தை இதற்கு மேலே போகும், அப்போது இரண்டு மூன்று சுழற்சிகளைச் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொண்டு சமாளிக்கும். ஒலியின் வலுவுக்கு 28 பிட், சில சின்னக் குறிப்புகளுக்கு 5 பிட். இதுவரை 109. மீதி 144 பிட்டும் இந்தக் கணிப்புகளுக்கெல்லாம் அகப்படாமல் மிஞ்சும் எச்சத்துக்குப் போகிறது. 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 64 இடங்களில் எட்டுத் துடிப்புகளை எங்கெங்கே வைப்பது, மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று 36 பிட்டில் சொல்கிறது. நாலு தடவை சொன்னால் 144.

பாதிக்கு மேல் பிட்டுகள் இப்படிக் கணிக்க முடியாத மிச்சத்துக்கே செலவாகின்றன என்பதை மாணவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். அதனால் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ‘கடலூர் பஸ் எப்ப வரும்’ என்று ஒருவரைப் பேச வைத்து, வாயின் வடிவ எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எச்சத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வெறும் இரைச்சலைப் போடுவேன். வாக்கியம் தெளிவாகப் புரியும், ஆனால் யாரோ காதில் கிசுகிசுப்பது போல இருக்கும். இரைச்சலுக்குப் பதில் சீரான துடிப்புகளைப் போட்டால் இயந்திரம் பேசுவது போலக் கேட்கும். பேச்சு இரண்டிலும் இருக்கிறது, பேசிய ஆள் இரண்டிலும் இல்லை. உங்கள் அம்மா என்று உங்களுக்குத் தெரியவைக்கும் நுணுக்கங்களில் பெரும்பங்கு அந்த 144 பிட்டில்தான் வருகிறது.

அந்தத் துடிப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் 1985-ல் அடலும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் வெளியிட்ட யோசனை வருகிறது. அனுப்பும் பக்கத்திலேயே பெறும் பக்கத்தின் கணக்கையும் ஓடவிட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் எதிர்முனையில் என்ன கேட்கும் என்று உருவாக்கிப் பார்த்து, அசலோடு ஒப்பிட்டு, மிக நெருக்கமானதை அனுப்புவது. அன்றைக்கு இதை கிரே-1 சூப்பர் கணினியில் ஓட்டினார்கள். ஒரு நொடிப் பேச்சுக்கு 150 நொடி ஆனது. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் அந்தத் துடிப்புகளுக்கு ஓர் ஒழுங்கான அமைப்பைக் கொடுத்து, தேடலை மிகவும் குறைத்தார்கள். அதனால்தான் சட்டைப் பையில் இருக்கும் போனில் இது நடக்கிறது. நெருக்கம் என்பதையும் சாம்பிளுக்குச் சாம்பிள் அளப்பதில்லை. குரலில் வலு அதிகமுள்ள அதிர்வெண்களில் இருக்கும் பிழையைக் காது அவ்வளவாகக் கவனிக்காது, வலு குறைந்த பள்ளங்களில் இருந்தால் உடனே கேட்டுவிடும். அதனால் பிழையை வலுவான இடங்களின் அடியில் ஒளித்துவைக்கும்படி எடைபோட்டு அளக்கிறார்கள். இந்தக் கணக்குகளைச் சிப்பில் எழுதும்போது, தரநிலையோடு கொடுக்கப்படும் சோதனைக் கோப்புகளை ஓட்டி, வெளியீடு ஒரு பிட் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரே ஓர் இடத்தில் எண்ணை ரவுண்ட் செய்யும் முறை மாறினாலும் பொருந்தாது. பெறும் பக்கம் அனுப்பும் பக்கத்தின் கணக்கை அப்படியே திரும்பச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

ஆக ‘எறிந்தது எது’ என்ற உங்கள் கேள்விக்கு மூன்று விதமான பதில் இருக்கிறது. முதலாவது, எறியாமலே மிச்சமானது. வாய் வடிவத்தாலும் குரல்நாண் அதிர்வாலும் ஊகிக்க முடிகிறவை, அவற்றை எதிர்முனை தானே உருவாக்கிக்கொள்ளும். பெரும்பகுதி இதுதான். இரண்டாவது, நிஜமாகவே இழந்தது. அசல் அலை வடிவம் திரும்பி வராது, பிழை காதுக்குத் தெரியாத இடத்தில் மறைந்திருக்கிறது, அவ்வளவே. மூன்றாவது பலரும் அறியாதது. சில பகுதி அனுப்பப்படுவதே இல்லை, எதிர்முனையில் புதிதாக உண்டாக்கப்படுகிறது. 12,800 சாம்பிளில் 6400 ஹெர்ட்ஸ் வரைதான் கொள்ளும். அதற்கு மேல் 7000 வரை நீங்கள் கேட்பது உங்கள் போனே இரைச்சலிலிருந்து செய்த ஒலி. அதன் வலு எவ்வளவு என்பதைக் கூட மற்ற எண்களிலிருந்து போன் ஊகித்துக்கொள்கிறது. 23.85 வேகத்தில் மட்டும் அந்த வலுவை 16 பிட் செலவழித்துச் சொல்லி அனுப்புகிறார்கள். 23.05-க்கும் 23.85-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 16 பிட்தான். அந்த உயரத்தில் ‘ஸ்’ போன்ற சீறல்களே இருப்பதால், ஓர் இரைச்சலுக்கும் இன்னோர் இரைச்சலுக்கும் காது வேறுபாடு காண்பதில்லை.

மௌனத்திலும் இதே கதை. ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது கோடெக் ஃபிரேம்களை அனுப்புவதை நிறுத்திவிடும். 160 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, பின்னணி இரைச்சல் இந்த மாதிரி என்று 35 பிட்டில் ஒரு குறிப்பு மட்டும் போகும். எதிர்முனை அந்தக் குறிப்பை வைத்து மெல்லிய இரைச்சலை உண்டாக்கிக் காதில் போட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்த ஆரம்பித்துவிடுவோம். அம்மா பேசாத நேரத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்பது போலிருந்தால், அந்த விசிறி பெரும்பாலும் உங்கள் போனுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஒரு தொண்டை என்ற அனுமானத்தின் மேல் நிற்பதால், அனுமானம் பொய்க்கும் இடத்தில் எல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பேசிப் பாருங்கள். மைக்கில் அடிக்கும் கடல்காற்றுக்கு வாய் வடிவமும் கிடையாது, சுழற்சியும் கிடையாது. கோடெக் அதையும் ஒரு குரலாக விவரிக்க முயன்று, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒன்றை உண்டாக்கும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் பின்னணியில் ஒலித்தால் இன்னும் மோசம். சுருதிக்கு ஒரே ஒரு இடைவெளியைத்தான் சொல்ல முடியும், அங்கே இரண்டு நாதஸ்வரம், ஒத்து, தவில் எல்லாம் சேர்ந்து வருகின்றன. காத்திருப்பு இசை போனில் சகிக்க முடியாமல் இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஃபிரேம் வழியில் தொலைந்தால், முந்தைய ஃபிரேமின் வாய் வடிவத்தையும் சுருதியையும் நீட்டி, வலுவைக் குறைத்துக்கொண்டே போய்ச் சமாளிக்கும். ஒன்றிரண்டு தொலைந்தால் தெரியாது. தொடர்ந்து தொலைந்தால் வரும் அந்த உலோகக் குரல், ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டே போவதால் உண்டாவது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 12.65 என்பது இந்தக் கோடெக்கில் நல்ல தரத்துக்கான வேகம்தான், அதற்குக் கீழே உள்ள 8.85-ம் 6.60-ம் சிக்னல் மோசமான நேரத்துக்கென்று வைக்கப்பட்டவை. 6.60-க்கு இறங்கினால் குரல் கரகரக்கும், ஆனால் ‘ஸ்’ ஸாகவே இருக்கும். நீங்கள் சொல்லும் மூக்கடைப்பு அதுவல்ல. அது அழைப்பு முழுவதுமே 3400 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கிவிட்டதன் அடையாளம். அகன்ற குரல் வேண்டுமானால் உங்கள் மைக்கிலிருந்து அம்மாவின் காது வரை ஒவ்வொரு கண்ணியும் 16,000 சாம்பிளாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கண்ணி 8000 ஆனாலும் மொத்தமும் குறுகும், பிறகு எங்கே விரித்தாலும் போனது திரும்பாது. அம்மாவின் போன் அந்த நேரம் 2ஜிக்கு இறங்கியிருக்கலாம். பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினால் நடு உரையாடலிலேயே இது நடக்கும், குரல் திடீரென்று குறுகுவதை நீங்களே கேட்கலாம். இரண்டு நிறுவனங்களின் வலைகளுக்கு நடுவே உள்ள இணைப்பில் அழைப்பு பழைய ஜி.711-க்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஒரு முனை லேண்ட்லைன் என்றால் சொல்லவே வேண்டாம். காதில் மாட்டும் ப்ளூடூத்தும் ஒரு கண்ணிதான். 2011-ல் வந்த ஹேண்ட்ஸ்-ஃப்ரீ 1.6 முறையிலிருந்துதான் அதில் அகன்ற குரல் வந்தது. போன், ஹெட்செட் இரண்டுமே அதை ஆதரிக்காவிட்டால் பழைய 8000-க்குப் போய்விடும்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிட் கணக்குகள், 6400 ஹெர்ட்ஸ் எல்லை, மௌனக் குறிப்பு எல்லாம் தரநிலை ஆவணத்தில் உள்ளவை, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மூக்கடைப்புக்குக் குறுகிய அலைவரிசை காரணம் என்பது உங்கள் வர்ணனையிலிருந்து நான் செய்யும் ஊகம். கேட்ட மாத்திரத்தில் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஊகம்தான், ஆனாலும் ஊகமே. வலைக்குள் எந்தக் கண்ணி குறுகியது என்பதை நிறுவனத்தின் பதிவுகளைப் பார்க்காமல் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. திரையில் தெரியும் வோல்டீ (4ஜி வழியாகவே குரல் போகும் முறை) அல்லது ஹெச்டி குறி உங்கள் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறது, மறுமுனைக்கு அது உத்தரவாதம் அல்ல.

புதிய கோடெக்குகள் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2014-ல் முடிவான இவிஎஸ், ஏஎம்ஆர்-டபிள்யூபிக்கு அடுத்தது. 5.9 முதல் 128 கிலோபிட் வரை போகும், பேச்சு வந்தால் தொண்டைக் கணக்கு, இசை வந்தால் அதிர்வெண்களைப் பிரிக்கும் வேறொரு கணக்கு என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொள்ளும். 2012-ல் வந்த ஓபஸும் அப்படித்தான், ஸ்கைப் செய்த பேச்சுக் கோடெக்கையும் ஸிஃப் அமைப்பின் இசைக் கோடெக்கையும் இணைத்தது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திகள் ஓபஸ் கோப்புகள்தான். ஒரு விஷயம் பலரையும் ஆச்சரியப்படுத்தும். இணையம் வழியாகப் பேசும்போது குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக (பாக்கெட்) போகிறது, ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் முகவரி முதலான விவரங்களுக்கு 40 பைட் ஆகிறது. நொடிக்கு 50 பொட்டலம் என்றால் 16 கிலோபிட், 12.65 கிலோபிட் குரலை விட உறையின் எடை அதிகம். வோல்டீயில் அந்தத் தலைப்பையும் சுருக்கித்தான் ரேடியோவில் அனுப்புகிறார்கள். 2021-ல் கூகுள் வெளியிட்ட லைரா போன்ற நரம்பியல் வலைக் கோடெக்குகள், அதாவது நிறையக் குரல்களைக் கேட்டுக் கற்றுக்கொண்ட நிரல்கள், 3 கிலோபிட்டிலேயே பேசவைக்கின்றன. அங்கே என் தயக்கம் வேறு மாதிரியானது. ஏஎம்ஆர்-டபிள்யூபி தவறினால் கரகரப்பாகத் தவறும், கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கற்றுக்கொண்ட குரல்களிலிருந்து புதிதாக உண்டாக்கும் முறை தவறினால், தெளிவான வேறு ஓர் எழுத்தை உச்சரித்துவிட வாய்ப்புண்டு. ழகரமும் ளகரமும் அதிகம் கேட்காத ஒரு வலையிடம் தமிழ்க் குரலைக் கொடுப்பதற்கு முன் தமிழ் பேசுகிறவர்களை வைத்து நிறையக் கேட்டுச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது ஒரு சின்னச் சோதனை. குரல் மூக்கடைத்துக் கேட்கும் நாளில் அம்மாவை ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டச் சொல்லுங்கள், பிறகு ‘ஃப்ஃப்ஃப்’. இரண்டும் ஒன்று போலக் கேட்டால் அழைப்பு குறுகிவிட்டது. ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு அதே அழைப்பில் திரும்பக் கேளுங்கள், மாறினால் ஹெட்செட்தான் காரணம். மாறாவிட்டால் அம்மா போனின் அமைப்பில் வோல்டீ அணைந்திருக்கிறதா, விருப்ப நெட்வொர்க் 2ஜி அல்லது 3ஜி என்று மாறிக் கிடக்கிறதா என்று அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாருங்கள். சிம் மாற்றியபோதோ வேறு யாராவது போனைக் கையாண்டபோதோ இது மாறியிருக்கலாம். போன் உறையையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் உள்ள மைக் துளையை உறை பாதி மறைத்தாலே உயர் அதிர்வெண்கள் மழுங்கி, குறுகிய அழைப்பு போலவே கேட்கும். அந்த நிலையில் எந்தக் கோடெக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.